தானியம் இறைத்தவரின் கடன்

ராஜஸ்தானில், தார் பாலைவனத்தின் ஓரத்தில், பலோதி நகரத்துக்கு நாலைந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது கீச்சன் கிராமம். பலோதியை நமக்கு வெயிலால்தான் தெரியும். 2016 மே 19ஆம் தேதி அங்கே 51 டிகிரி செல்சியஸ் பதிவானது. இந்தியாவில் அதுவரை பதிவான வெப்பத்திலேயே அதுதான் உச்சம். மணல்மேடு, முள்மரம், சிவப்புக் கல்லில் நுணுக்கமாகச் செதுக்கிய பழைய ஹவேலி வீடுகள், அவற்றில் பாதிக்கு மேல் பூட்டிய கதவுகள். பறவை வந்து தங்கும் ஊர் என்று யாரும் நினைக்க மாட்டார்கள்.

ஆனால் வருகிறது. மங்கோலியாவிலும் கஜகஸ்தானிலும் புல்வெளி பழுத்து இலையுதிர் காலம் தொடங்கும்போது, இங்கே ஆவணி முடிந்து புரட்டாசி பிறக்கும் நேரத்தில், முதல் கூட்டம் கீச்சனுக்கு மேலே வட்டமிடும். ஐப்பசி, கார்த்திகைக்குள் வானமே சாம்பல் நிறமாகிவிடும். ஆங்கிலத்தில் டெமாய்செல் கிரேன் என்பார்கள். கொக்கு இனங்களிலேயே சிறியது. உயரம் மூன்றடி, எடை இரண்டு, மூன்று கிலோ. சாம்பல் உடம்பு, கறுத்த கழுத்து, கண்ணுக்குப் பின்னால் பின்னோக்கி வழியும் வெள்ளை இறகுக் கற்றை. உள்ளூரில் இதன் பெயர் குர்ஜா. நாமும் அப்படியே அழைப்போம்.

அவற்றில் ஒரு பகுதி இமயத்தைத் தாண்டித்தான் வருகிறது. நேபாளத்தின் காளி கண்டகிப் பள்ளத்தாக்கு வழியாக, காற்றோட்டம் பார்த்து உயரம் ஏறி, பொன்னிறக் கழுகுகளிடம் சிலவற்றைப் பறிகொடுத்து, அந்த வருஷம் பிறந்த குஞ்சுகளையும் கூட்டிக்கொண்டு வருகின்றன. கொக்கு இனத்தில் குஞ்சு வலசைப் பாதையைப் பெரியவர்களோடு பறந்துதான் கற்றுக்கொள்கிறது. இதை இப்போதைக்கு நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்; பிறகு தேவைப்படும்.

கீச்சனில் ஊரோரமாக வேலி போட்ட ஒரு திடல் உண்டு. 'சுக்கா கர்' என்பார்கள், பறவைக்கு இரை போடும் வீடு என்று பொருள். விடிவதற்கு முன்பே அங்கே சோளம் இறைத்துத் தயாராக இருக்கும். குர்ஜாக்கள் எடுத்த எடுப்பில் உள்ளே இறங்குவதில்லை. முதலில் வெளியே மணல்மேட்டில் கூடி நிற்கும். யாரோ ஒன்று துணிந்து பறக்கும், பின்னால் பத்து, பின்னால் நூறு. ஒரு கூட்டம் தின்று எழ, அடுத்தது இறங்கும். வெயில் ஏறியதும் பக்கத்து நீர்நிலைகளுக்கும் வயல்களுக்கும் கலைந்துவிடும். பருவத்தின் உச்சத்தில் பல ஆயிரம் பறவைகள். நாளொன்றுக்குப் பல மூட்டைத் தானியம்.

இது தொடங்கியது 1970களில். ரத்தன்லால் மாலூ என்ற ஜைனரும் அவருடைய மனைவி சுந்தர் தேவியும் புறாவுக்கும் மயிலுக்கும் அணிலுக்கும் தானியம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு செப்டம்பரில் ஒரு டஜன் குர்ஜாக்களும் வந்து அந்தப் பந்தியில் உட்கார்ந்தன என்று ஊரில் சொல்வார்கள். அடுத்த பருவத்தில் இன்னும் கொஞ்சம். தெருநாய்கள் பாய்ந்து கொன்றதால் திடலைச் சுற்றி வேலி வந்தது. தானியம் வைக்க இடம் வந்தது. சுற்றுவட்டார ஜைன வணிகக் குடும்பங்களின் நன்கொடை வந்தது. வனத்துறை அறிவிப்பில்லை, நிபுணர் குழு இல்லை, திட்ட அறிக்கை இல்லை. தனியார் கையால், ஊர்க்காரர் காசால், ஒரு சரணாலயம் தானாக உருவாகிவிட்டது. 2025 ஜூன் மாதம் கீச்சன் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. அதற்குள் அங்கே பந்தி தொடங்கி அரை நூற்றாண்டு ஆகியிருந்தது.

கேள்வி இதுதான்: இது நல்ல காரியமா?

"இதென்ன கேள்வி? பசிச்ச வாய்க்குச் சோறு போடுறது நல்லதா கெட்டதான்னு யாராச்சும் கேப்பாங்களா?" என்று ஒரு தரப்பு சொல்லும். "காட்டுப் பறவைக்கு நீ எதுக்குய்யா சோறு போடுற? அதுக்கு இரை தேடத் தெரியாதா? கெடுத்து வைக்கிற" என்று இன்னொரு தரப்பு சொல்லும். முதல் குரல் நம் பாட்டிகளுடையது; இரண்டாவது, சூழலியல் படித்த பேரப்பிள்ளைகளுடையது. இருவரும் பாதி சரி என்பதுதான் இந்த விஷயத்தைச் சிக்கலாக்குகிறது.

பேரப்பிள்ளையின் வாதத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். குர்ஜா அழிந்துகொண்டிருக்கும் இனம் அல்ல. உலக அளவிலான கணக்கெடுப்பில் அது 'குறைந்த கவலைக்குரிய' வகையில்தான் இருக்கிறது. கருங்கடல் பக்கத்திலிருந்து வடகிழக்குச் சீனா வரை அதன் இனப்பெருக்க நிலம் விரிந்து கிடக்கிறது. கீச்சனில் சோளம் இறைப்பதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் முன்பிருந்தே அது இந்தியச் சமவெளிக்கு வந்துபோகிறது. புல்விதை, பூச்சி, அறுவடைக்குப் பின் வயலில் சிந்திய மணி என்று பொறுக்கித் தின்று குளிர்காலத்தைக் கழித்துத் திரும்பியிருக்கிறது. ஆக, இந்தப் பந்தி இல்லாவிட்டால் இனமே போய்விடும் என்று யாரும் சொல்ல முடியாது. நேர்மையாகப் பேசினால், குர்ஜாவுக்குக் கீச்சனின் சோளம் தேவையோ இல்லையோ, கீச்சனுக்குக் குர்ஜா தேவைப்பட்டிருக்கிறது.

இப்படிச் சொல்வது குற்றச்சாட்டாக ஒலிக்கலாம். நான் அப்படிச் சொல்லவில்லை. விருந்தோம்பலில் எப்போதுமே விருந்தினரின் பசியைவிட வீட்டுக்காரரின் ஆசை ஒரு படி மேலேதான் இருக்கும். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வந்தவரையும் "ஒரு வாய் காப்பியாவது" என்று உட்கார வைக்கிறோமே, அது அவருடைய பசிக்காகவா?

தமிழில் 'விருந்து' என்ற சொல்லுக்கு முதல் பொருள் உணவு அல்ல, புதுமை. தொல்காப்பியம் செய்யுளின் வனப்புகளில் ஒன்றுக்கு இந்தப் பெயரை வைத்தது அந்தப் பொருளில்தான். புதிதாக வந்தவர் விருந்து. அவருக்குப் போட்ட சாப்பாடு பிறகுதான் விருந்தானது. வடமொழி 'அதிதி'யும் ஏறக்குறைய இதே இடத்தில் நிற்கிறது: திதி பார்க்காமல், நாள் குறிக்காமல் வருபவர். இந்த இரண்டு சொற்களையும் கீச்சனுக்குப் பொருத்திப் பார்த்தால் ஒரு சங்கடம் வருகிறது. முதல் வருஷம் வந்த அந்த ஒரு டஜன் குர்ஜா, சந்தேகமில்லாமல் விருந்து, அதிதி. ஆனால் ஒவ்வொரு செப்டம்பரிலும் அதே திடலுக்கு, விடிந்ததும் சோளம் இருக்கும் என்று தெரிந்து வருகிற பல ஆயிரம் பறவைகளை என்னவென்று சொல்வது? அவை புதியவை அல்ல. நாள் குறிக்காமல் வருபவையும் அல்ல. பழகிவிட்ட விருந்தாளிக்கு நம் மொழியில் தனிச்சொல் இல்லை. இருவருக்கும் நடுவில் இப்போது உருவாகியிருப்பது ஓர் ஏற்பாடு.

ஏற்பாடு என்றால் இரு தரப்பும் ஏதோ கொடுக்க வேண்டும் அல்லவா? பிரெஞ்சு மானுடவியலாளர் மார்செல் மோஸ் 1925இல் வெளிவந்த 'கொடை' பற்றிய புகழ்பெற்ற கட்டுரையில் இதைத்தான் விவாதித்தார். உலகின் பல சமூகங்களில் இலவசக் கொடை என்று ஒன்று கிடையாது. கொடுக்கும் கடமை, வாங்கும் கடமை, திருப்பிக் கொடுக்கும் கடமை மூன்றும் சேர்ந்துதான் கொடை. நம் ஊர் மொய் நோட்டைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. யார் எவ்வளவு வைத்தார்கள் என்று எழுதி வைப்பது, அடுத்த விசேஷத்தில் அதற்குக் குறையாமல் வைக்கத்தானே?

குர்ஜா மொய் செய்யாது. அது யாருக்கும் நன்றி சொல்வதில்லை. யார் தானியம் போட்டார் என்று அதற்குத் தெரியவும் தெரியாது. மார்ச் மாதம் எழுந்து போய்விடும், அவ்வளவுதான். அப்படியென்றால் மோஸ் சொன்ன வலையிலிருந்து தப்பிய, திருப்பி எதிர்பார்க்க முடியாத கொடை இதுதானா? பலர் கீச்சனை அப்படித்தான் வியக்கிறார்கள்.

அவ்வளவு சுலபம் இல்லை. தானியம் போடுபவருக்குப் புண்ணியம் கிடைக்கிறது. ஜைன மரபில் ஜீவதயை, அதாவது உயிர்களிடத்தில் காட்டும் இரக்கம், முக்கியமான அறம். குடும்பத்தில் ஒருவர் இறந்தால் அவர் நினைவாக, பிள்ளை பிறந்தால் அந்த மகிழ்ச்சிக்காக என்று மூட்டைகள் வந்து சேர்கின்றன. அனுப்புபவர்களில் பலர் ஊரில் இல்லாதவர்கள். மார்வாரிலிருந்து தலைமுறை தலைமுறையாக வணிகத்துக்குப் போனவர்கள் இந்தியா முழுக்க இருக்கிறார்கள்; சென்னை சௌகார்பேட்டையில் வட்டிக்கடையும் நகைக்கடையும் வைத்திருப்பவர்களில் பலருடைய பூர்வீகம் அந்தப் பாலைவன ஊர்கள்தான். கீச்சனின் ஹவேலிகள் பூட்டிக் கிடப்பதற்கும் இதுவே காரணம். ராஜஸ்தானி நாட்டுப்பாடலில் குர்ஜா ஒரு தூதுப் பறவை. பிழைப்புக்காகத் தூரதேசம் போன கணவனுக்குச் செய்தி கொண்டுபோகச் சொல்லி மனைவி அதனிடம் கேட்கிறாள். வீட்டை விட்டு வெளியேறியவர்கள், வருஷா வருஷம் தவறாமல் திரும்பி வருகிற ஒரு பறவைக்குத் தானியம் அனுப்புவதில், புண்ணியத்தைத் தாண்டியும் ஏதோ இருக்கத்தான் செய்கிறது. தான் போக முடியாத ஊருக்குத் தன் சார்பில் ஒருவர் போய்வருவது போல.

இந்தச் சுயநலம் கொடையைக் கெடுத்துவிடுமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. மனதில் எந்த ஆசையும் இல்லாமல் கொடுத்தால்தான் கொடை என்று சொல்லத் தொடங்கினால் உலகத்தில் யாருடைய உலையும் பிறருக்காகக் கொதிக்காது. கொடுப்பவரின் மனத்தூய்மையைத் துருவிப் பார்ப்பதைவிட, கொடுத்ததால் என்ன நடந்தது, யார் தலையில் என்ன விழுந்தது என்று பார்ப்பது பயனுள்ளது. அப்படிப் பார்க்கும்போதுதான் கீச்சனில் வேறு சிலர் கண்ணுக்குத் தெரிகிறார்கள்.

முதலாவது ஆள், விவசாயி. சுக்கா கரில் காலை ஆகாரம் முடித்துக் கிளம்பும் பறவை பகல் முழுக்கச் சும்மா இருப்பதில்லை. வயலில் இறங்கி, முளைத்ததையும் முற்றியதையும் கொத்தும். குர்ஜா பயிரைத் தின்னும் பறவை. அது வலசை போகும் வழியெங்கும் உழவர்கள் அதோடு சண்டை போடுகிறார்கள். சோள மூட்டை அனுப்பியவரின் பெயர் நன்கொடைக் கணக்கில் இருக்கும். பருவம் முழுக்கத் தன் வயலிலிருந்து ஒரு பங்கைப் பறிகொடுத்தவரின் பெயர் எங்கேயும் இருக்காது. அவர் கொடுத்தது கொடை இல்லையா? அவரைக் கேட்காமல் எடுத்துக்கொள்ளப்பட்டதால் அது வெறும் நஷ்டம் என்றாகிவிடுமா?

அதே பாலைவனத்தில் பிஷ்னோய் மக்கள் இதற்கு வேறொரு பதில் வைத்திருக்கிறார்கள். 1730இல் கேஜர்லி கிராமத்தில் வன்னி மரங்களை வெட்ட வந்த அரசனின் ஆட்களைத் தடுத்து 363 பேர் உயிர் கொடுத்ததை அவர்கள் இன்றும் நினைவுகூர்கிறார்கள். அவர்கள் வயலில் வெளிமான் மேயும். விரட்ட மாட்டார்கள். வேட்டைக்காரன் வந்தால் விட மாட்டார்கள். அங்கே மையமாக இருப்பது கொடுப்பது அல்ல, தடுக்காமல் இருப்பது. "எனக்குள்ளதில் உனக்கும் பங்கு உண்டு, நீயே எடுத்துக்கோ" என்ற நிலை. இதில் மானின் பழக்கமும் பெரிதாக மாறுவதில்லை, கொடுப்பவருக்கு மேடையும் இல்லை. தானியம் இறைப்பதில் உள்ள கம்பீரம் இதில் கிடையாது. ஒருவேளை அதனால்தான் இதைப் படம் எடுக்க யாரும் விமானம் ஏறி வருவதில்லை.

இரண்டாவது ஆள், நாய். வேலி நாய்க்கு எதிராகத்தான் போடப்பட்டது. நாயும் ஜீவன்தான், அதற்கும் பசி உண்டு. குர்ஜா விருந்தாளி, நாய் எதிரி என்று யார் முடிவு செய்தது? தில்லியில் செங்கோட்டைக்கு எதிரே இருக்கும் ஜைனப் பறவை மருத்துவமனையில் காயம்பட்ட புறாவையும் கிளியையும் சேர்த்து வைத்தியம் பார்ப்பார்கள். ஊன் தின்னும் பறவைகளை உள்நோயாளியாகத் தங்க வைப்பதில்லை என்பது நெடுநாள் வழக்கம். அதே நகரத்தில் அடிபட்ட பருந்துகளுக்காக நதீம், சௌத் என்ற இரு சகோதரர்கள் தங்கள் வீட்டு அடித்தளத்திலேயே சிகிச்சை தொடங்கினார்கள். அவர்களைப் பற்றி 2022இல் வெளிவந்த ஆவணப்படம் உலகம் சுற்றியது. நான் எந்த மரபையும் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. எல்லா விருந்தோம்பலுக்கும் ஒரு வாசல் உண்டு. வாசல் இருந்தால் அதற்கு வெளியே நிற்கும் ஒருவரும் இருப்பார். யாருக்கும் வேலி இல்லாத பந்தி நடத்த முடியாது. ஆனால் வேலி போட்டவர், "நான் எல்லா உயிருக்கும் சோறு போடுகிறேன்" என்று சொல்லிக்கொள்ளாமல் இருப்பது நல்லது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். ஆயிரக்கணக்கான பறவைகளை ஒரே திடலுக்கு வரவழைத்தால் என்ன ஆகும்?

ஊர் வளர்ந்தது. மின்கம்பிகள் வந்தன. விடியற்காலை மங்கலில் நூற்றுக்கணக்கில் ஒரே நேரத்தில் எழும் பறவைகள் கம்பியில் மோதி விழத் தொடங்கின. கொக்குகளுக்கும் கானமயில்களுக்கும் கண் அமைந்திருக்கும் விதம் அப்படி: பறக்கும்போது தலையைத் தாழ்த்திக் கீழே இரை பார்த்தால், நேர் எதிரே இருப்பது கண்ணில் படாது. வானத்தில் எதிரே ஒன்று இருக்கும் என்று எதிர்பார்க்கத் தேவையில்லாத உலகத்தில் உருவான கண் அது. கம்பி நட்டவர் தானியம் போட்டவர் அல்ல. ஆனால் கம்பி இருக்கும் இடத்துக்குப் பறவையைக் கூட்டி வந்தது தானியம்.

நோய் இன்னும் கொடிது. இஸ்ரேலின் ஹூலா பள்ளத்தாக்கில் குளிர்காலத்துக்கு வரும் சாதாரணக் கொக்குகள் வயலை அழிக்காமல் இருக்க, ஒரு குறிப்பிட்ட இடத்தில் மக்காச்சோளம் போட்டுப் பழக்கினார்கள். நோக்கம் நல்லதுதான்: உழவரும் பிழைக்கணும், பறவையும் பிழைக்கணும். பல்லாயிரம் கொக்குகள் அங்கே தங்கத் தொடங்கின, சுற்றுலாவும் பெருகியது. 2021 டிசம்பரில் பறவைக் காய்ச்சல் புகுந்தது. 5,000க்கும் மேற்பட்ட கொக்குகள் செத்து ஏரியில் மிதந்தன. இரை போட்டு ஒரே இடத்தில் இவ்வளவு நெருக்கமாகக் குவித்தது சரியா என்ற கேள்வி அப்போதுதான் உரக்க எழுந்தது. அதே குளிர்காலத்தின் தொடக்கத்தில், 2021 நவம்பரில், கீச்சன் இருக்கும் அதே ஜோத்பூர் வட்டாரத்தில் காபர்டா பகுதியில் குர்ஜாக்கள் கொத்துக்கொத்தாக இறந்தன. அதுவும் பறவைக் காய்ச்சல்.

நியாயமாகச் சொன்னால், உணவு போடாத இடத்திலும் சாவு வரும். 2019 நவம்பரில் சாம்பர் ஏரியில் 18,000க்கும் மேற்பட்ட பறவைகள் பொட்டுலிசம் என்ற நச்சு நோயால் செத்தன. அங்கே யாரும் சோளம் இறைக்கவில்லை. எனவே எல்லாச் சாவையும் கொடையின் கணக்கில் எழுதக் கூடாது. ஆனால் ஒரு பகுதியை எழுதியே ஆக வேண்டும். நூறு பறவை நூறு இடத்தில் மேய்ந்தால் நோய்க்கு நூறு படி ஏற வேண்டியிருக்கும். ஒரே பந்தியில் உட்கார்ந்தால் ஒரு படி போதும்.

இங்கேதான் மோஸ் சொன்னது எனக்குத் தலைகீழாகத் தெரிகிறது. மனிதர்களுக்குள் கொடை வாங்கியவர் கடனாளி ஆகிறார். காட்டுயிருக்குக் கொடுக்கும்போது கொடுத்தவரே கடனாளி ஆகிறார். குர்ஜா நமக்கு ஒன்றும் தர வேண்டியதில்லை; அது கேட்டு வாங்கவில்லை. ஆனால் நாம் ஒரு கைப்பிடி சோளம் இறைத்த அந்தக் கணத்தில் ஒரு வாக்குக் கொடுத்துவிடுகிறோம்: இங்கே வா, இங்கே இருக்கும், இங்கே பயமில்லை. பறவைக்கு அந்த வாக்கின் மூன்றாம் பகுதியைச் சரிபார்க்க வழியில்லை. அது சோளத்தை மட்டுமே பார்க்கிறது. மிச்சத்தை நம்புகிறது.

குஞ்சு பாதையைக் கற்றுக்கொள்கிறது என்று சொன்னேனே, அது இங்கேதான் தேவைப்படுகிறது. முதல் பயணத்தில் தாய் தகப்பனோடு இமயம் தாண்டி வரும் குஞ்சு, கீச்சன் திடலை ஒரு முகவரியாக மனதில் எழுதிக்கொள்கிறது. அது வளர்ந்து தன் குஞ்சை அழைத்து வரும். அரை நூற்றாண்டில் எத்தனை தலைமுறை அந்த முகவரியை வாங்கிக் கைமாற்றியிருக்கும்! நாம் கொடுத்தது சோளம் என்று நினைக்கிறோம். உண்மையில் கொடுத்தது ஒரு நினைவு. சோளத்தை நாளைக்கே நிறுத்தலாம். நினைவை அப்படி நிறுத்த முடியாது. திடீரென்று ஒரு செப்டம்பரில் திடல் காலியாக இருந்தால், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து களைத்து வந்து இறங்கும் கூட்டத்துக்கு அது பழைய காட்டு வாழ்க்கைக்குத் திரும்பும் சுதந்திரமாக இருக்காது. ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஆகவே "நிறுத்திடுங்க, எல்லாம் சரியாப் போயிடும்" என்ற பேரப்பிள்ளையின் தீர்வும் ஒரு வகையில் கடனைத் திருப்பாமல் ஊரைவிட்டு ஓடுவதுதான்.

"அப்போ கொடுக்காம இருந்தவன்தான் புத்திசாலி. கொடுக்கலை, கடனும் இல்லை" என்று ஒருவர் கேட்கலாம். நல்ல கேள்வி. ஆனால் கொடுக்காதவரும் அந்தப் பாலைவனத்துக்கு வெளியே இல்லை. கீச்சனுக்கு அதிகத் தூரமில்லாத பாட்லாவில் உலகின் மிகப் பெரிய சூரிய மின் பூங்காக்களில் ஒன்று இருக்கிறது, 2,245 மெகாவாட். நிலக்கரி எரிக்காத மின்சாரம் நமக்கெல்லாம் வேண்டும், வேண்டியதுதான். அந்த மின்சாரம் கம்பி வழியாகத்தான் வெளியேறுகிறது. தார்ப் பகுதியில் 150க்கும் குறைவாக எஞ்சியிருக்கும் கானமயில்களைக் காக்க, கம்பிகளைப் பூமிக்கடியில் கொண்டுபோகச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2021 ஏப்ரலில் ஆணையிட்டது. செலவும் நடைமுறைச் சிக்கலும் காட்டப்பட்டபின், 2024 மார்ச்சில் அந்த ஆணையைத் தளர்த்தி, நிபுணர் குழுவிடம் விட்டது. ஒரு பிடி தானியம்கூட இறைக்காத நாமும் அந்த வானத்தில் ஒரு கம்பியை இழுத்து வைத்திருக்கிறோம். வித்தியாசம் ஒன்றுதான். கீச்சன்காரர் தன் விருந்தாளி விழுவதைக் கண்ணால் பார்க்கிறார். நாம் சுவிட்சைப் போடுகிறோம்.

பார்ப்பதால்தான் அந்த ஊரில் அடுத்த படி நடந்தது. சேவாராம் மாலி என்ற உள்ளூர்க்காரர், அடிபட்ட குர்ஜாக்களைத் தூக்கி வந்து வைத்தியம் பார்க்கத் தொடங்கி, சுக்கா கர் வட்டாரத்து மின்கம்பிகளை அகற்ற வேண்டும், புதைக்க வேண்டும் என்று அலுவலகம் அலுவலகமாக அலைந்து, நீதிமன்றம் வரை போனார். எனக்குக் கீச்சனில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். தானியம் இறைக்கும் காட்சியில் அழகு இருக்கிறது. மனு எழுதுவதில் அழகு ஏதும் இல்லை. ஆனால் இறைத்தவர்கள் செய்த சத்தியத்தின் மூன்றாம் பகுதியை, 'இங்கே பயமில்லை' என்பதை, காப்பாற்ற முயன்றது மனுதான். தானியம் கொடை என்றால் மனு கடனடைப்பு.

கடனடைப்பு எல்லாமே இப்படித்தான் இருக்கும்போல: புகழில்லாத வேலைகள். நீர்நிலையில் சாக்கடை கலக்காமல் பார்ப்பது. செத்த பறவையை அன்றைக்கே எடுத்து, எதனால் செத்தது என்று சோதனைக்கு அனுப்புவது. காய்ச்சல் பரவினால், புண்ணியம் போனாலும் பரவாயில்லை என்று அந்தப் பருவத்துக்குத் தானியத்தைக் குறைப்பது, பல இடங்களில் பிரித்துப் போடுவது. வயலில் பூச்சிமருந்து கலந்த விதையைத் திறந்து போடாமல் இருக்க உழவரிடம் பேசுவது, அவருடைய நஷ்டத்துக்கும் நன்கொடைக் கணக்கிலிருந்து ஒரு பங்கு ஒதுக்குவது. எண்ணிக்கை அடுத்த வருஷம் இன்னும் கூடணும் என்று ஆசைப்படாமல் இருப்பது. கடைசியாகச் சொன்னதுதான் கஷ்டம். பந்தியில் இலை கூடக் கூட வீட்டுக்காரருக்குப் பெருமை.

இன்னொரு சோதனையும் இருக்கிறது. சூ டொனால்ட்சன், வில் கிம்லிக்கா என்ற இரு கனடியச் சிந்தனையாளர்கள் 2011இல் 'ஸூபோலிஸ்' என்ற நூலில், வீட்டு விலங்குகளைக் குடிமக்களாகவும், காட்டுயிர்களைத் தனி நாடு போன்ற தன்னாட்சிச் சமூகங்களாகவும், நம் ஊரில் நம்மோடு ஒட்டி வாழும் காக்கை, அணில் போன்றவற்றை இரண்டுக்கும் நடுவிலான வாசிகளாகவும் பார்க்கச் சொன்னார்கள். அந்த வகைப்பாட்டில் குர்ஜா எங்கே உட்காரும்? மங்கோலியாவில் அது தன்னாட்சி கொண்டது. கீச்சனில் காலை ஏழு மணிக்கு அது கிட்டத்தட்ட நம் புறா. வருஷத்தில் பாதி அந்நிய நாட்டுக் குடிமகன், பாதி நம் பந்திக்காரர். இந்த இரட்டை வாழ்க்கை எதுவரை அதற்குக் கேடில்லாமல் இருக்கும்?

எனக்குத் தெரிந்த அளவுகோல் ஒன்றுதான்: போக முடிகிறதா? விருந்தாளியை எப்படி வரவேற்றோம் என்பதில் பாதி விருந்தோம்பல்தான் இருக்கிறது. வந்தவர் வந்தபடியே கிளம்ப முடிகிறதா என்பதில் மீதி இருக்கிறது. வந்தவரைப் போகவிடாமல் செய்யும் உபசாரத்துக்கு வேறு பெயர் உண்டு. புறா நம்மிடம் வந்தது, போகவில்லை. குர்ஜா இன்னும் போகிறது. மார்ச் மாதம், திடலில் சோளம் மிச்சமிருக்கும்போதே, வெயில் சுடத் தொடங்கியதும் அது எழுந்துவிடுகிறது. மங்கோலியாவிலிருந்து வருபவை திரும்பும்போது பெரும்பாலும் இமயத்தை நேராகத் தாண்டாமல் மேற்கே சுற்றிப் போகின்றன. அந்தப் பாதையையும் யாரும் அவற்றுக்குச் சொல்லித் தரவில்லை. அது நடக்கும்வரை, அரை நூற்றாண்டுச் சோளம் அதன் காட்டை அழித்துவிடவில்லை என்று நம்பலாம். என்றைக்காவது ஒரு ஏப்ரலில், ஒரு மே மாதத்தில், கொஞ்சம் குர்ஜாக்கள் திடலிலேயே நின்றுவிட்டால், அன்றைக்கு ஊர் கொண்டாடக் கூடாது. கவலைப்பட வேண்டும்.

மே மாதத்தில் அங்கே போகிறவர்கள் யாரும் இல்லை. 50 டிகிரி வெயிலில் வேலிக்குள் வெறும் மணல். நாய்கள் நிழலில் படுத்திருக்கும். அந்தக் காலியான மாதங்கள்தான் கம்பியைப் புதைக்கவும், குளத்தைத் தூர்வாரவும், உழவரோடு உட்கார்ந்து பேசவும் ஏற்ற காலம். மூட்டை அனுப்புகிற மார்வாரிக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் கணக்கெழுதித் தேர்ந்தவர்கள். எதை எந்தப் பக்கத்தில் எழுத வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. குர்ஜாவுக்குப் போட்ட சோளத்தை இத்தனை வருஷமும் புண்ணியம் என்று வரவில் எழுதி வந்திருக்கிறார்கள். அதே தொகையைப் பற்றுப் பக்கத்திலும் ஒருமுறை எழுதிப் பார்க்கலாம். அடுத்த செப்டம்பருக்குள் அடைக்க வேண்டிய கடன் எவ்வளவு என்று தெரிந்துவிடும்.